வேலை இங்கே, வீடு அங்கே: விசா போடுமுன் அக்கா சொல்வதைக் கேள்

என் தங்கை கொண்டுவந்த கடிதத்தில் மொத்தம் ஆறு வரி. லெட்டர்ஹெட், எச்.ஆர். கையெழுத்து, நீல சீல் எல்லாம் இருந்தது. "இவர் எங்கள் காக்கநாடு அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறார்" என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். "இது போதும்ல அக்கா?" என்றாள். எனக்கும் அன்றைக்கு விவரம் தெரியாது. போதும் என்றுதான் சொன்னேன். அந்த ஒரு வரி அவள் விண்ணப்பத்தை ஏழு வாரம் பின்னால் தள்ளிவிட்டது. கொச்சியில், காக்கநாட்டு ஆபீஸில் வேலை செய்கிறவள் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, கோலாலம்பூரில் உட்கார்ந்து அதே வேலையை எப்படிச் செய்வாள் என்று விசா கொடுக்கிறவர் கேட்கத்தானே செய்வார்?

அவளோடு சேர்ந்து நானும் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டில் ஒரு வருடம் இருந்து பார்க்க நினைக்கிற தம்பியோ தங்கையோ, யாராக இருந்தாலும் படித்து வைத்துக்கொள்.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தவள், கல்யாணமாகி வைப்பின் தீவுக்கு வந்தவள். வீட்டில் பேச்சு தமிழ், படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். எங்கள் பக்கத்தில் ஒருவன் "வெளியே போகிறான்" என்றால் இரண்டே அர்த்தம்தான். கல்ஃபில் ஏதோ கம்பெனி விசா எடுத்துக் கொடுத்திருக்கும், இல்லாவிட்டால் இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகிறான். "வேலை இதேதான்மா, இருக்கிற இடம் மட்டும்தான் மாறுது" என்று தங்கை சொன்னபோது அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. "அங்கே போனா உனக்கு யாரு சம்பளம் தருவா?" என்று மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. டிஜிட்டல் நோமாட் விசா என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதன் மொத்த சங்கதியும் இந்தக் கேள்வியில் அடக்கம். அந்த நாட்டுக்காரர் யாரிடமும் நீ வேலை கேட்கப் போவதில்லை. உனக்குச் சம்பளம் வெளியிலிருந்து வருகிறது, அதை அங்கே செலவு செய்து வாழப் போகிறாய். இதைக் காகிதத்தில் நிரூபித்துக் காட்டுவதற்குப் பெயர்தான் விண்ணப்பம். எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் இதற்கென்று தனி விசா கொண்டுவந்தது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் பழகிய உலகம் அதைப் பிடித்துக்கொண்டது, அடுத்தடுத்துப் பல நாடுகள் கதவைத் திறந்தன.

முதலில் சம்பளச் சீட்டு, அப்புறம்தான் மேப்

தங்கைக்கு முதலில் லிஸ்பன் ஆசை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதும் இல்லை. வைப்பின் தீவின் வடக்கு முனையில், பள்ளிப்புறத்தில், 1503-ல் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அக்கரையில் ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்தில்தான் வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்தார்கள். போதாததற்கு யூட்யூப் வேறு. 2024 தொடக்கத்திலிருந்து நான்கு மாதம் ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தாள். கடைசியில் ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

போர்ச்சுகலின் டி8 விசாவுக்கு அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2024-ல் குறைந்தபட்சச் சம்பளம் 820 யூரோ, ஆகவே 3,280 யூரோ. அன்றைய கணக்கில் மாதம் மூன்று லட்ச ரூபாய்க்குப் பக்கம். இவள் வாங்கியது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். நான்கு மாத உழைப்பும் அந்த ஒரு பெருக்கல் கணக்கில் போய்விட்டது. அதை முதல் நாளே போட்டிருக்கலாம்.

அந்த வருமானக் கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. குறைந்தபட்சச் சம்பளத்தை அவர்கள் ஜனவரிதோறும் ஏற்றுகிறார்கள். 2025-ல் 870 ஆனது, 2026-ல் 920. அதாவது இப்போது 3,680 யூரோ. போன வருட வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட்டவன் இந்த வருடம் தோற்றுப் போவான். ஸ்பெயினும் இப்படித்தான், 2022 டிசம்பரில் போட்ட ஸ்டார்ட்அப் சட்டப்படி அவர்கள் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். எஸ்டோனியா மாதம் 4,500 யூரோ. கிரீஸ் 3,500 யூரோ. துபாயின் விர்ச்சுவல் வொர்க் விசாவுக்கு 3,500 டாலர். இந்தோனேசியா ஆண்டுக்கு 60,000 டாலர். காக்கநாடு இன்ஃபோபார்க்கிலோ சென்னை ஓ.எம்.ஆரிலோ நடுத்தரச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகளுக்கு இதில் பெரும்பாலானவை எட்டாது. இதை மனதைக் கலைப்பதற்காகச் சொல்லவில்லை. எட்டுகிற கதவு எது என்று முதலில் தெரிந்துகொண்டால் நான்கு மாதம் மிச்சமாகும்.

நம் ஆட்களுக்கு எட்டக்கூடியவை என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று மலேசியா. 2022 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய டிஇ ரந்தாவ் திட்டத்தில், மென்பொருள், டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாதிரி வேலைக்காரர்கள் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தருவார்கள், மேலும் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரிங்கிட், கூட வருகிற குடும்பத்தாருக்குத் தலைக்கு 500. டெக் சாராத வேலையென்றால் 2024-லிருந்து 60,000 டாலர் கேட்கிறார்கள், அதைக் கவனித்துக்கொள்.

இன்னொன்று தாய்லாந்தின் டிடிவி விசா. 2024 ஜூலை 15-ல் வந்தது. இதில் மாதச் சம்பளத்துக்குக் கோடு கிடையாது. கையில் 5 லட்சம் பாட் சேமிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும், நம் பணத்தில் 13, 14 லட்சம். வேலை ஒப்பந்தமோ, தனியாள் என்றால் செய்த வேலைகளின் தொகுப்போ கேட்பார்கள். விசா ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் 180 நாள் இருக்கலாம். சம்பளம் குறைவு, சேமிப்பு உண்டு என்கிறவர்களுக்கு இதுதான் நல்லது. ஜப்பானும் 2024-ல் இப்படி ஒரு விசா கொண்டுவந்தது, ஆனால் அந்தப் பட்டியலில் இந்திய பாஸ்போர்ட் இல்லை. அதன் பின்னால் அலையாதே.

தங்கை மலேசியா என்று முடிவெடுத்தாள்.

அந்த ஒரு கடிதம்

இனி நான் சொல்வதைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். நாடு எதுவாக இருந்தாலும், கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு விசா நிற்பது கம்பெனி தருகிற கடிதத்தின் மேல்தான். நம் ஊர் எச்.ஆர்.களுக்குத் தெரிந்தது இரண்டு கடிதம். வீட்டுக்கடனுக்குக் கொடுக்கிற வேலைச் சான்று ஒன்று, டூரிஸ்ட் விசாவுக்குக் கொடுக்கிற லீவ் கடிதம் ஒன்று. இந்த இரண்டில் எதைக் கொடுத்தாலும் உன் விண்ணப்பம் கெட்டுப் போகும். லீவ் கடிதம் வைத்தால் நீ வேலை செய்யப் போவதில்லை என்று ஆகிவிடும். வேலைச் சான்று வைத்தால், இந்த ஊர் ஆபீஸில்தான் வேலை என்று ஆகிவிடும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை இவை. உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பாஸ்போர்ட் எண்ணோடு. பதவி, சேர்ந்த தேதி, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா. வருடச் சம்பளம் ரூபாயில், கூடவே டாலரிலோ யூரோவிலோ. வேலை முழுவதையும் இணையம் வழியாகச் செய்ய முடியும் என்ற வரி. "இன்ன நாட்டிலிருந்து, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்யக் கம்பெனி அனுமதிக்கிறது" என்று நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு வரி. கம்பெனி எந்த நாட்டில் பதிவானது என்பது. கடைசியில் கையெழுத்துப் போடுகிறவரின் பெயர், பதவி, போன், ஆபீஸ் மெயில். தூதரகத்திலிருந்து அந்த மெயிலுக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். எங்கள் கதையில் முதலில் கையெழுத்துப் போட்டவர் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். அதில் தனியாகப் பத்து நாள் போனது.

எச்.ஆர். சட்டென்று கொடுக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் கெட்ட மனசு இல்லை, பயம். அவர்களுக்கு மூன்று பயம் உண்டு. உங்கள் ஆள் எங்கள் நாட்டிலிருந்து தொழில் செய்கிறார், ஆகவே உங்களுக்கு இங்கே ஒரு கிளை இருப்பதாகத்தான் அர்த்தம், வரி கட்டுங்கள் என்று அந்த நாட்டு வரித்துறை கேட்குமோ என்பது முதல் பயம். கிளையண்ட்டின் தகவல் நாட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்குமே என்பது அடுத்தது. பி.எஃப்., காப்பீடு என்ன ஆகும் என்பது மூன்றாவது. இவற்றுக்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு போய்க் கேள். நான் அங்கே யாருக்கும் எதையும் விற்கப் போவதில்லை, கம்பெனி சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் எனக்கு இல்லை என்று எழுதிக் கொடு. இது முதல் பயத்தைப் பாதி குறைக்கும். கிளையண்ட் விஷயத்தை மேனேஜரிடம் பேசிவிட்டு அப்புறம் எச்.ஆரிடம் போ. ஐ.டி. டீமிடம் தனியாக ஒரு கேள்வி: கம்பெனி விபிஎன் அந்த நாட்டிலிருந்து திறக்குமா? சில கம்பெனிகள் நாடுவாரியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். விசா கையில் வாங்கி, வீடு பிடித்து, முதல் திங்கட்கிழமை லாகின் ஆகவில்லை என்றால் என்ன செய்வாய்?

பி.எஃப். பற்றி ஒரு விஷயம். சில நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. போர்ச்சுகலோடு 2017 மே மாதம் முதல் நடப்பில் உள்ளது. அப்படிப்பட்ட நாட்டுக்குக் கம்பெனி உன்னை அனுப்பினால், பி.எஃப். அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி, அங்கேயும் இங்கேயும் இரண்டு தடவை பிடித்தம் ஆவதைத் தவிர்க்கலாம். ஸ்பெயினோடு அப்படி ஒன்று நடப்பில் இல்லை. மாதச் சம்பளக்கார இந்தியர்கள் ஸ்பெயின் விசாவில் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கம்பெனி முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்னால், அதோடு விட்டுவிடு. சொல்லாமல் கிளம்பிப் போகாதே. ஐ.பி. முகவரி ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். வேலையும் போகும், வேலையை நம்பி வாங்கிய விசாவும் கேள்விக்கு ஆளாகும்.

ஃப்ரீலான்ஸ் பிள்ளைகளுக்கு

கம்பெனி இல்லாதவர்களுக்குக் கடிதத் தொல்லை கிடையாது, கணக்குத் தொல்லைதான். ஒப்பந்தம், இன்வாய்ஸ், வங்கி வரவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாது. ஆயிரம் டாலருக்கு இன்வாய்ஸ் போட்டிருப்பாய், இடையில் இருக்கிற தளம் கமிஷனை எடுத்துக்கொள்ளும், வங்கி மாற்றுக் கட்டணம் பிடிக்கும், வேறொரு தொகைதான் வந்து விழுந்திருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு அது வேறு பணம். ஒரே ஒரு தாளில் அட்டவணை போடு: இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, பிடித்தம், வங்கியில் வந்த தேதி, வந்த ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே அதை வை.

அடுத்தது வருமான வரி. இது பலர் தடுக்கி விழுகிற இடம். ஆடிட்டர் உனக்கு 44ஏடிஏ பிரிவில் கணக்குப் போட்டிருந்தால், வந்த பணத்தில் பாதியைத்தான் வருமானமாகக் காட்டியிருப்பார். அது சட்டப்படி சரிதான். ஆனால் 24 லட்சம் வாங்கினவனுடைய ரிட்டர்னில் 12 லட்சம் என்று இருக்கும். அதை மட்டும் இணைத்தால் உன் வருமானம் பாதியாகத் தெரியும், கோட்டுக்குக் கீழே போய்விடுவாய். மொத்த வரவு எவ்வளவு, ஏன் பாதி காட்டப்பட்டது என்று ஆடிட்டரிடம் சீலோடு ஒரு கடிதம் வாங்கு. மலேசியாவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் நடக்கிற ஒப்பந்தம் வேண்டும், வாய்வார்த்தை வேலை செல்லாது. பழகின கிளையண்ட் என்றாலும் இரண்டு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கு.

பெயர் என்ற தலைவலி

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கூடவே பிறந்தது. என் தங்கைக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் முன்னால் ஓர் இனிஷியல். டிகிரி சான்றிதழில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா. சம்பளச் சீட்டில் தனிப்பெயர் மட்டும். நான்கு காகிதம், நான்கு பெண். நமக்கு இது புரியும், லிஸ்பனில் இருக்கிறவருக்கு எப்படிப் புரியும்?

கேரளத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அக்ஷயா இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் வில்லேஜ் ஆபீஸர், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று தருவார். தமிழ்நாட்டில் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதுகிறார்கள், பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ். எதுவானாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய். கம்பெனியிலும் வங்கியிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை மாற்றச் சொல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு அந்தப் பெயரில் வந்த பிறகு விண்ணப்பம் போடு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தபோது, டிக்கெட் எடுத்து வைத்திருந்த எத்தனையோ நம் ஆட்கள் தவித்தார்கள்.

எது பழசாகும், எது ஆகாது

காளமுக்கு ஹார்பரில் காலையில் வாங்கின சாளையை அன்றைக்கே குழம்பு வைக்க வேண்டும். விசா காகிதத்திலும் சிலது அப்படி. வங்கி ஸ்டேட்மெண்ட், கம்பெனிக் கடிதம், போலீஸ் நற்சான்று மூன்றும் சீக்கிரம் பழசாகிவிடும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. இவற்றைக் கடைசியில் வாங்கு. பட்டச் சான்று, பெயர்ச் சான்று, கல்யாணச் சான்று எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைக்கக்கூடியவை. தங்கை உற்சாகத்தில் முதல் வேலையாகப் போலீஸ் நற்சான்று வாங்கினாள். மலேசியா என்று முடிவாகி எல்லாம் தயாரானபோது அது பழசாகிவிட்டது. மறுபடி 500 ரூபாய், மறுபடி வீட்டுக்குப் போலீஸ்.

இந்த நற்சான்றை உள்ளூர் ஸ்டேஷனில் கேட்காதே. வெளிநாட்டுக்கு வேண்டியதைப் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தரும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்துத் தேதி எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரியில் நீ இப்போது இல்லையென்றால் அதையும் முதலில் சரிபண்ணு.

அப்போஸ்டில் என்ற சொல்லை அடிக்கடி கேட்பாய். இந்திய ஆவணம் உண்மையானதுதான் என்று வெளியுறவுத் துறை ஒட்டித் தருகிற முத்திரை அது. 2005-லிருந்து இந்தியா அப்போஸ்டில் உடன்பாட்டில் இருக்கிறது. கல்விச் சான்றுகளுக்கு அதற்குமுன் மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு நடக்க வேண்டும், கேரளத்தில் அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் அதைச் செய்கிறது. எர்ணாகுளத்திலேயே மையம் உண்டு. வைப்பினிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் ஜெட்டிக்கு அப்போது இருபது ரூபாய். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்குமோ என்று பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர் போட்டு, நானும் அவளும் எத்தனை நடை போனோம். இதே வேலைக்கு ஓர் ஏஜெண்ட் கேட்ட பணத்தில் சின்னப் பங்குகூட எங்களுக்கு ஆகவில்லை. ஸ்பெயின் மாதிரி நாடுகள் அப்போஸ்டிலுக்கு மேல் அங்கீகாரம் பெற்றவரிடம் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். எமிரேட்ஸ் அந்த உடன்பாட்டில் இல்லை, அங்கே தூதரக அட்டஸ்டேஷன். இது கல்ஃப் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கொச்சியில் விசா மையம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு தேதி எடுத்துவிடாதே. குறுகிய கால ஷெங்கன் விசா விண்ணப்பத்தை வாங்குகிற மையமெல்லாம் நீண்ட கால விசா விண்ணப்பத்தை வாங்குவதில்லை. உன் விசா வகைக்கு எந்த ஊர் என்று பார்த்த பிறகே ரயில் டிக்கெட் போடு.

நகையை அடகு வைக்காதே

சேமிப்புக் காட்ட வேண்டும் என்றதும் நம் வீடுகளில் முதலில் கண் போகிற இடம் அலமாரி. நகையை வைத்துப் பத்து லட்சம் வாங்கி அக்கவுண்டில் போட்டு, ஸ்டேட்மெண்ட் எடுத்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. வேண்டாம். மூன்று மாதம், ஆறு மாதம் ஸ்டேட்மெண்ட் கேட்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான். நாற்பதாயிரம் ஓடிக்கொண்டிருந்த கணக்கில் ஒரே நாளில் பத்து லட்சம் விழுந்தால் எந்த அதிகாரிக்கும் தெரியும். நிராகரிப்பு ஒரு தடவை வந்தால், அடுத்த நாட்டு ஃபாரத்திலும் "முன்பு நிராகரிக்கப்பட்டதா" என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். வட்டியும் உன் தலையில்தான். உண்மையாகவே பெரிய தொகை வந்திருந்தால், கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. சீட்டு விழுந்திருக்கலாம், நிலம் விற்றிருக்கலாம், அந்தக் காகிதத்தையும் சேர்த்து வை. அப்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வரி விஷயத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், முழுசும் ஆடிட்டரிடம் கேள். நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீ இந்தியாவில் வரி கட்டுகிறவன்தான், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். இங்கே இல்லாவிட்டாலும், சம்பளம் இந்திய வங்கியில் விழுந்தால் இங்கே வரி உண்டு. அந்தப் பக்கமும் ஒரு நாள் கணக்கு ஓடும். போர்ச்சுகலில் 183 நாளைத் தாண்டினால் நீ அவர்கள் வரிக்காரன். தாய்லாந்தில் வருடத்துக்கு 180 நாள் இருந்தால், வெளியில் சம்பாதித்து உள்ளே கொண்டுவருகிற பணத்துக்கு 2024 முதல் வரிக் கணக்கு உண்டு. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இந்த நாடுகளோடு நமக்கு இருக்கிறது, ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. அங்கே வரி கட்டின ரசீதை வைத்து நீதான் கேட்க வேண்டும். போர்ச்சுகலில் புதிதாக வருகிறவர்களுக்குப் பத்து வருட வரிச் சலுகை என்று இன்னும் வீடியோக்கள் ஓடுகின்றன. அந்தப் பழைய சலுகையை 2024-ல் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள்.

ஃப்ரீ விசாவில் போய் வேலை செய்யலாமா?

இதைக் கேட்காத பிள்ளை இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் ஆக்கியது. அங்கே போய் அறையில் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் போட்டால் யாருக்குத் தெரியும் என்பார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குக் கொடுத்தது அது, குடியிருந்து வேலை பார்க்க இல்லை. கவுண்டரில் "எதற்கு வந்தாய்" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும். கொஞ்சம் முயன்றால் நேர்வழி கிடைக்கும்போது அந்த நிலைமை உனக்கு எதற்கு?

அதைவிட எனக்குப் பயமான விஷயம் ஒன்று. "தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, விசா நாங்களே எடுக்கிறோம், டிக்கெட் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் இந்த விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைக்கிற கும்பல்கள் அவை. இந்திய வெளியுறவுத் துறை 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களை அனுப்பி 500-க்கும் மேற்பட்டவர்களை மீட்டு வந்தார்கள். ரிமோட் விசாவுக்கு வேலை கொடுக்கிற ஏஜெண்டே தேவையில்லை, வேலை ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. அந்த நாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் வேறு எதையோ விற்கிறார். அப்படி ஆள் எடுப்பவருக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள். இந்தியக் கம்பெனியின் காலை ஒன்பதரை மீட்டிங் லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை நான்கு மணி. கோலாலம்பூரில் பகல் பன்னிரண்டு, பாங்காக்கில் பதினொன்று. வருடம் முழுக்க நான்கு மணிக்கு எழுந்து கேமரா முன்னால் உட்கார முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார். கிழக்கே போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. வீட்டை போட்டோவில் பார்த்து முழு வருட வாடகையை முன்கூட்டி அனுப்பாதே. வாடகை ஒப்பந்தம் விசாவுக்குக் கட்டாயம் என்றால், விசா வராவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று அதில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடு. மருத்துவக் காப்பீடு முழுக் காலத்துக்கும் எடு, ஒரு மாதத்துக்கு எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதே.

தங்கைக்குப் புதிய கடிதம் பதினெட்டு வரியில் வந்தது. நாட்டின் பெயர், தேதிகள், சம்பளம் இரண்டு நாணயத்தில், போன் எடுக்கிற ஒருவரின் கையெழுத்து. அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்கவில்லை, அனுமதி வந்தது. இப்போது அவள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிற நேரத்தில் இங்கே அடுப்பில் கறி பாதி வெந்திருக்கும். அம்மா இன்றைக்கும் முதலில் கேட்பது, சம்பளம் வந்துவிட்டதா என்றுதான்.

உனக்கும் போக வேண்டுமென்றால் வீடியோவை மூடிவிட்டு, இன்றைக்கே மேனேஜருக்கு ஒரு மெயில் எழுது: "இன்ன நாட்டிலிருந்து ஒரு வருடம் வேலை செய்யக் கம்பெனி எழுத்தில் அனுமதி தருமா?" பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதே.